துடிப்பதும் எண்ணுவதும்

கைக்கடிகாரம் சேகரிப்பவர்கள் நடுவிலும் ஒரு வருணப் பாகுபாடு உண்டு. கையை அசைத்தாலே தானாகச் சாவி ஏறிக்கொள்ளும் சுவிஸ் கடிகாரங்கள் உச்சியில் வீற்றிருப்பவை. அடுத்த படியில், தினமும் கையால் சாவி கொடுக்க வேண்டியவை. நம் நாட்டு ஹெச்.எம்.டி. ஜனதாவும் பைலட்டும் இந்தப் படியைச் சேர்ந்தவைதாம். 2016 ஜனவரியில் அந்தக் கடிகார நிறுவனத்தை மூடுவதென்று மத்திய அமைச்சரவை முடிவெடுத்த பிறகு அவற்றுக்குத் திடீரென்று மவுசு கூடிவிட்டது. இவற்றுக்கெல்லாம் கீழே, திண்ணையில்கூட இடமில்லாமல் தெருவில் நிற்பவை, செல் போட்டு ஓடும் குவார்ட்ஸ் கடிகாரங்கள். "அதற்கு உயிர் கிடையாது, அது வெறும் மிஷின்" என்பார்கள், சாவி கொடுக்கும் கடிகாரமும் ஒரு மிஷின்தான் என்பதை மறந்து.

நாங்கள் நால்வரும் அந்தத் தெருவில் நிற்பவற்றைத்தான் சேர்க்கிறோம். ஒரு சிறுபத்திரிகையின் வாசகர் கூட்டத்தில் அறிமுகமானவர்கள் நாங்கள். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர், தமிழாசிரியர் ஒருவர், அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவர் ஒருவர், மின்னணுச் சாமான் கடையில் கணக்கெழுதுபவர் ஒருவர். சேகரம் நால்வருக்கும் பொது. பதிவேடும் ஒன்றே, அதில் இன்றுவரை அறுபத்திரண்டு எண்கள் ஏறியிருக்கின்றன. விதிகள் இரண்டு. 1989க்குப் பிறகு செய்ததை வாங்குவதில்லை. 3,000 ரூபாய்க்கு மேல் எதற்கும் கொடுப்பதில்லை. இந்த இரண்டாம் விதியால் எங்கள் கைக்கு எட்டாமல் போன கடிகாரங்களைப் பற்றித் தனியாகவே ஒரு நூல் எழுதலாம். ஆனாலும் விதியைத் தளர்த்தியதில்லை. பணத்தால் சேர்ப்பதற்கும் கண்ணால் சேர்ப்பதற்கும் உள்ள தூரத்தை அந்த விதிதான் எங்களுக்கு நினைவூட்டிக்கொண்டிருக்கிறது.

*

குவார்ட்ஸ் என்ற சொல் அந்நியமாக ஒலித்தாலும் பொருள் நமக்கு அந்நியமானதன்று. ஸ்படிகம் என்று நாம் சொல்கிற கல்தான் அது. சிதம்பரத்திலும் இராமேசுவரத்திலும் லிங்கமாக அபிஷேகம் பெறுவது. பெரியவர்கள் கழுத்தில் மாலையாகக் குளிர்ந்து கிடப்பது. தஞ்சைக்கு அருகே வல்லத்தில் கிடைத்த படிகக் கல்லைத் தேய்த்து மூக்குக் கண்ணாடி செய்திருக்கிறார்கள். பார்ப்பதற்கும் வணங்குவதற்கும் உதவிய இந்தக் கல்லுக்கு இன்னொரு குணமும் இருப்பதை 1880இல் பிரான்சில் ழாக் க்யூரி, பியர் க்யூரி என்ற சகோதரர்கள் கண்டுபிடித்தார்கள். படிகத்தை அழுத்தினால் அதன் முகங்களில் மின்னூட்டம் பிறக்கிறது. மறுதலையாக, மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் நெளிகிறது. தக்க முறையில் மின்சாரம் செலுத்திக்கொண்டே இருந்தால் ஒரே சீராக அதிர்ந்துகொண்டே இருக்கிறது.

சீராக அதிரும் எதுவும் கடிகாரமாகலாம். ஊசலும் அப்படித்தான், சுருள்வில்லும் அப்படித்தான். அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த வாரன் மாரிசன் 1927இல் படிகத்தைக் கொண்டு முதல் கடிகாரத்தைச் செய்தார். பிந்தைய ஆண்டுகளின் குவார்ட்ஸ் கடிகாரங்கள் ஆய்வுக்கூடங்களில் அலமாரி அலமாரியாக இடத்தை அடைத்துக்கொண்டு நின்றன. அந்த அலமாரியை மணிக்கட்டுக்குக் கொண்டுவர நாற்பதாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

உள்ளே நடப்பது மிக எளிது. இன்றைய கடிகாரத்தில் இருப்பது செயற்கையாக வளர்த்தெடுத்த படிகம். அதை வீணைக்காரர்கள் சுருதி பார்க்கும் இசைக்கவையின் வடிவில் வெட்டி, அரிசி மணி அளவுள்ள உலோகக் குப்பிக்குள் காற்றை நீக்கி அடைத்திருப்பார்கள். அது நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இந்த எண்ணைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இதைப் பாதியாக்கி, பாதியைப் பாதியாக்கி, பதினைந்து முறை தொடர்ந்தால் சரியாக ஒன்று மிஞ்சும். பாதியாக்கிக்கொண்டே போகும் வேலையைச் செய்வது ஒரு சிறு மின்சுற்று. மிஞ்சிய அந்த ஒன்றுதான் ஒரு நொடி. அது ஒரு சிறு மோட்டாருக்குப் போய், மோட்டார் முள்ளை ஒரு படி நகர்த்துகிறது. ஆக, கல் துடிக்கிறது, சுற்று எண்ணுகிறது, முள் சொல்கிறது. இந்த மூன்று வினைச்சொற்களை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். பின்னால் இவற்றை வைத்து ஒரு வழக்கு வரவிருக்கிறது.

*

1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் சீக்கோ நிறுவனம் அஸ்ட்ரான் என்ற கைக்கடிகாரத்தை விற்பனைக்கு வைத்தது. விற்பனைக்கு வந்த முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் அதுவே. தங்கக் கூடு, விலை நாலரை லட்சம் யென். ஏறக்குறைய அந்தக் காலத்து டொயோட்டா கொரோலா கார் ஒன்றின் விலை. மாதத்துக்கு ஐந்து நொடிக்கு மேல் பிசகாது என்றார்கள். நாளைக்கு ஐந்து நொடி பிசகினாலே நல்ல கடிகாரம் என்று பாராட்டப்பட்ட காலம் அது.

சுவிட்சர்லாந்துக்காரர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள் என்ற கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. அது உண்மையன்று. நூஷாட்டெல் நகரில் பல நிறுவனங்கள் கூடி 1962இலேயே ஒரு மின்னணுக் கடிகார மையத்தை நிறுவியிருந்தன. அவர்களுடைய பீட்டா-1 என்ற குவார்ட்ஸ் கைக்கடிகார மாதிரி 1967இல் தயாராகிவிட்டது. அதன் வழிவந்த பீட்டா-21 பொறியை வைத்து ஒமேகா, ரோலக்ஸ், பட்டேக் பிலிப் போன்ற பெரிய பெயர்களெல்லாம் 1970இல் கடிகாரங்களைக் காட்சிக்கு வைத்தன. அதன் நொடி முள் தாவுவதில்லை, நீரில் இலை போல வழுக்கிக்கொண்டு போகும். புதிதைக் கண்டுபிடிக்க அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதைச் சுற்றித் தங்கள் வாழ்க்கையைத் திருப்பி அமைப்பதுதான் அவர்களுக்குக் கடினமாக இருந்தது. 1970 வாக்கில் சுவிஸ் கடிகாரத் தொழிலில் ஏறத்தாழ 90,000 பேர் இருந்தார்கள். எண்பதுகளின் நடுவில் அதில் மூன்றிலொரு பங்குதான் எஞ்சியது.

விலை சரிந்த வேகம் வியப்பூட்டுவது. 1972இல் அமெரிக்காவின் ஹாமில்டன் நிறுவனம் பல்சர் என்ற கடிகாரத்தைக் கொண்டுவந்தது. முள்ளே கிடையாது. பொத்தானை அழுத்தினால் கருங்கண்ணாடிக்குள் சிவப்பு எண்கள் எரியும், விட்டால் அணைந்துவிடும். தங்கக் கூட்டில் 2,100 டாலர். நான்கே ஆண்டுகளில், 1976இல், அதே சிவப்பு எண்களை டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமெண்ட்ஸ் பிளாஸ்டிக் கூட்டில் 20 டாலருக்கும் குறைவாக விற்றது. 1983இல் சுவிட்சர்லாந்திலிருந்தே ஸ்வாட்ச் வந்தது. மொத்தம் 51 உறுப்புகள், பிளாஸ்டிக் கூடு, முகத்துக் கண்ணாடி கூட்டோடு ஒட்டப்பட்டது, திறந்து பழுதுபார்க்க வழியில்லை. ஒரு தொழிலை மீட்ட கடிகாரம் என்று அதைப் போற்றுவதில் நியாயமுண்டு. கடிகாரம் என்பது திறக்கப்படுவது என்ற ஒப்பந்தத்தை முறித்ததும் அதே கடிகாரம்தான்.

1969க்கும் 1983க்கும் இடைப்பட்ட அந்தப் பதினான்கு ஆண்டுகள்தாம் எங்கள் மோகம். குவார்ட்ஸ் கடிகாரம் எப்படி இருக்க வேண்டும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. அதனால் பழைய மரியாதைகளையெல்லாம் அதற்கும் செய்தார்கள். பின்மூடியைத் திறந்தால் உலோகத் தகடு, திருகாணிகள், பல்சக்கரங்களின் அச்சு சுழலும் இடத்தில் சிவப்புக் கற்கள். மயிரிழையிலும் மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றாகச் சுற்றிய காயில். ஓரத்தில் டிரிம்மர் என்ற ஒரு சிறு திருகு. அதை அணுவளவு திருப்பினால் படிகத்தின் வேகத்தைத் தட்டிக்கொடுக்கவோ இழுத்துப்பிடிக்கவோ முடியும். பிசகினால் திருத்திக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையின் அடையாளம் அந்தத் திருகு. பிற்கால மலிவுப் பொறிகளில் அது காணாமல் போயிற்று.

துல்லியத்திலும் ஒரு வெறி இருந்தது. சிட்டிசன் நிறுவனம் 1975இல் நொடிக்கு 41 லட்சத்துக்கும் அதிகமான முறை அதிரும் படிகத்தை வைத்து, ஆண்டுக்கு மூன்று நொடிதான் பிசகும் என்ற கடிகாரத்தைச் செய்தது. சீக்கோ 1978இல் இரண்டு படிகங்களை ஒரே கூட்டுக்குள் வைத்தது. ஒன்று நேரம் காட்ட. மற்றொன்று வெப்பநிலையை உணர்ந்து முதலாவதைத் திருத்த. யாருக்கும் தேவைப்படாத துல்லியம்தான். ஆனால் தேவைக்கு அப்பாலும் ஒன்றைச் சரியாகச் செய்ய நினைப்பவர்கள்மீது எங்களுக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு. வெண்பாவில் யாரும் கவனிக்காத ஒரு தளையைத் திருத்துவதற்காக இரவு முழுதும் விழித்திருந்தவர்களின் மொழி நம்முடையது.

எங்கள் மெய்ப்புத் திருத்தும் நண்பர் வேறொன்றைக் காட்டினார். எழுபதுகளின் டயல்களில் 'குவார்ட்ஸ்' என்ற சொல் நிறுவனத்தின் பெயருக்குச் சமமான கம்பீரத்தோடு அச்சிடப்பட்டிருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல எழுத்து சிறுக்கிறது, கீழே இறங்குகிறது, ஆறு மணிக் குறிக்குப் பக்கத்தில் போய் ஒடுங்குகிறது. பெருமையாக இருந்த ஒரு சொல் விலைச்சீட்டாக மாறிய வரலாற்றை, எங்கள் இழுப்பறையை இடமிருந்து வலமாகப் பார்த்தாலே படித்துவிடலாம்.

*

இந்த வரலாற்றில் நம் பக்கத்துக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. 1984இல் டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து ஒரு கடிகார நிறுவனத்தைத் தொடங்கின. டாட்டா இண்டஸ்ட்ரீஸ் என்பதன் முதலெழுத்துகளையும் தமிழ்நாடு என்பதன் எழுத்துகளையும் பிணைத்துத்தான் 'டைட்டன்' என்ற பெயர் உருவாயிற்று. ஆலை ஓசூரில் எழுந்தது. அப்போது அது தருமபுரி மாவட்டம். இந்தியர்களுக்குச் சாவி கொடுக்கும் கடிகாரமே போதும் என்று கருதப்பட்ட காலத்தில், நிறுவனத்தின் முதல் நிர்வாக இயக்குநர் செர்க்சிஸ் தேசாய் முழுக்கக் குவார்ட்ஸையே நம்பி இறங்கினார். சுற்றுவட்டாரத்தில் பள்ளிப் படிப்பை முடித்த இளைஞர்களைச் சேர்த்து, கடுகைவிடச் சிறிய உறுப்புகளைக் கையாளப் பழக்கினார்கள். எங்கள் பதிவேட்டில் அந்த முதல் சில ஆண்டுகளின் கடிகாரங்கள் ஏழு உள்ளன. மெல்லிய, தங்க முலாம் பூசிய, கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் போடுவதற்கென்றே பிறந்தது போன்ற முகங்கள்.

இவை வந்த பிறகு வீடுகளில் ஒரு சடங்கு ஒழிந்தது. குளித்துவிட்டு வந்து, திருநீறு பூசி, சட்டையை மாட்டிக்கொள்ளும் முன் கடிகாரத்தைக் காதோரம் வைத்து இருபது சுற்று சாவி கொடுக்கும் அப்பாக்களை நாங்கள் நால்வரும் பார்த்து வளர்ந்தவர்கள். சாவிக் கடிகாரம் தினமும் ஒருமுறை நம் கவனத்தைக் கேட்கிறது. குவார்ட்ஸ் எதையும் கேட்பதில்லை. இரண்டாண்டு, மூன்றாண்டு தன் போக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதுவே அதற்கு வினையாகிறது. கேட்காத பிள்ளையை வீடு மறந்துவிடுவதைப் போல, ஒருநாள் அது நின்றுபோனதும் மேசை இழுப்பறைக்குள் போடுகிறார்கள். உள்ளே செத்துப்போன செல் மெல்லக் கசிகிறது. அந்தக் கசிவு செம்புத் தடங்களைத் தின்றுவிடுகிறது. சாவிக் கடிகாரம் தேய்ந்து சாகிறது; குவார்ட்ஸ் மறதியால் சாகிறது.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், பழைய பூட்டுகளுக்கும் கைப்பிடி போன வாணலிகளுக்கும் நடுவே விரித்த சாக்கில் எங்களுக்குக் கிடைப்பவை இப்படி மறக்கப்பட்டவைதாம். வாங்கிய உடனே செய்யும் முதல் வேலை, பின்மூடியைத் திறந்து பழைய செல்லை எடுத்துவிடுவது. பச்சை பூத்திருந்தால் மனம் சோர்ந்துவிடும். சுத்தமாக இருந்தால் புதுச் செல் போட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்போம். முப்பதாண்டு உறங்கிய நொடி முள் முதல் தாவல் தாவும்போது நால்வரில் யாரும் பேசுவதில்லை.

ஓடத் தொடங்கியதும் நிறுத்திவிடுவோம் என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். அறுபத்திரண்டுக்கும் ஓயாமல் செல் போட்டுவைத்தால், என்றைக்கு எது கசியும் என்று காவல் காக்க முடியாது. ஆகவே முறை வைத்திருக்கிறோம். ஒரு நேரத்தில் எட்டு கடிகாரங்கள், ஆளுக்கு இரண்டாக, மூன்று மாதம் கையில் ஓடும். மற்றவை செல் நீக்கப்பட்டு உறங்கும். கையில் கட்டுவதற்கும் காரணமிருக்கிறது. படிகம் 25 டிகிரி செல்சியஸ் வாக்கில் சரியாக அதிரும்படி வெட்டப்பட்டது. வெப்பம் ஏறினாலும் இறங்கினாலும் சற்றே தாமதிக்கும். சென்னைக் கோடையில் 35 டிகிரியில் இழுப்பறைக்குள் கிடந்தால் மாதத்துக்கு ஒன்பது நொடி வரை பின்தங்கும். மணிக்கட்டில் இருந்தால் நம் உடம்பின் வெப்பம் அதை ஓரளவு ஒரே நிலையில் காக்கிறது. உயிரில்லாதது என்று இகழப்படும் கடிகாரம், உயிருள்ள ஒன்றைத் தொட்டுக்கொண்டிருக்கும்போதுதான் மிகச் சரியாக ஓடுகிறது.

*

இனி அந்த வழக்கு.

எங்கள் கடிகாரங்களைப் பழுதுபார்ப்பவர் திருவல்லிக்கேணியில் ஒரு மாடிப்படியின் அடியில் நான்கடிக் கடை வைத்திருக்கிறார். நாங்கள் அவரைப் பாய் என்றுதான் அழைப்போம். சென்ற ஆண்டு ஒருநாள், பெரம்பூரிலிருந்து வந்த ஓர் அம்மாவை எங்களிடம் பேசச் சொன்னார். எழுபத்தைந்து வயதிருக்கும். கைக்குட்டையில் முடிந்த ஜப்பானியக் குவார்ட்ஸ் கடிகாரம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அவர் கணவர் ரயில்வேயில் கார்டாக இருந்தவர். 1979இல் பர்மா பஜாரில் இரண்டு மாதச் சம்பளம் கொடுத்து வாங்கியதாம். ஓய்வு பெறும் நாள்வரை அதைப் பார்த்துத்தான் பச்சைக்கொடி காட்டியிருக்கிறார். அவர் போய் ஆறாண்டுகள் ஆகின்றன. அந்த அம்மா மூன்று முறை செல் மாற்றியிருக்கிறார். இம்முறை புதுச் செல் போட்டும் ஓடவில்லை. பேரன் ஒரு பெரிய கடையின் சேவை மையத்துக்கு எடுத்துப்போக, உள்ளிருப்பதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது மிஷின் வைத்துத் தருகிறோம், முந்நூறு ரூபாய் என்றிருக்கிறார்கள்.

"மிஷினை மாத்திட்டா அப்புறம் அது அவரோட வாட்சா தம்பி?" என்று எங்களைக் கேட்டார்.

பாய் திறந்து பார்த்தார். காயில் நன்றாக இருந்தது. சக்கரங்கள் சுத்தம். எண்ணுகிற சுற்றுதான் செத்துவிட்டது. சாவிக் கடிகாரத்தில் ஓர் அச்சு முறிந்தால், கைத்திறனுள்ள ஒருவர் கடைசல் பிடித்துப் புதிதாகச் செய்துவிட முடியும். இருநூறாண்டுப் பழங்கடிகாரங்கள் இன்றும் ஓடுவது அதனால்தான். சிலிக்கன் சில்லை எந்தப் பாயும் செய்ய முடியாது. அதைச் செய்த ஆலைகள் எப்போதோ வேறு வேலைக்குப் போய்விட்டன. வழி ஒன்றுதான்: அதே வகைக் கடிகாரம் இன்னொன்றிலிருந்து எடுத்துப் பொருத்துவது. அதே வகை எங்களிடம் ஒன்றே ஒன்று இருந்தது. பதிவேட்டில் எண் 41. ஆறாண்டுகள் தேடிக் கிடைத்தது. கீறலற்ற கண்ணாடி, உரிமையாளரின் பெயர் எழுதாத உத்தரவாதச் சீட்டு, ஓட்டமும் பிசகில்லை. பாய்க்கு அது தெரியும். தெரிந்துதான் அந்த அம்மாவை எங்களிடம் அனுப்பியிருக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பேசியதைப் போல வேறெப்போதும் பேசியதில்லை. தமிழாசிரியர் நண்பர் ஏட்டுச்சுவடிகளை உவமை காட்டினார். ஒரு படியில் சிதைந்த அடியை மற்றொரு படியைப் பார்த்து நிரப்பினால், இரண்டு படிகளும் எஞ்சும். இங்கே ஒன்றை நிரப்பினால் மற்றொன்று வெற்றுக்கூடாகிவிடும். அந்த அம்மாவுடையது மேலும் பத்தாண்டு ஓடலாம், ஓராண்டும் ஓடலாம். 41 அப்படியே இருந்தால், அந்த வகையில் முழுமையான ஒன்று உலகில் எங்கோ இருக்கிறது என்றாவது ஆகும் என்றார். வங்கி நண்பர் கேட்டது வேறு: ஓடக்கூடிய ஒன்றை ஓடவிடாமல் வைத்திருப்பதற்குப் பாதுகாப்பு என்று பெயர், அழக்கூடிய ஒருவரைப் பார்த்துக்கொண்டே அப்படி வைத்திருந்தால் அதற்கு என்ன பெயர்? மற்றவர் முழுக் கடிகாரத்தையே கொடுத்துவிடலாம் என்றார். அந்த அம்மா வாங்க மாட்டார் என்பது நால்வருக்கும் தெரியும். அவர் கேட்டது கடிகாரத்தையன்று.

உண்மையில் எங்களைத் தடுத்தது பேராசை மட்டுமன்று, அவருடைய கேள்விதான். புது மிஷின் போட்டால் அது அவர் கணவருடையதாகாது என்றால், எங்கள் சுற்றைப் போட்டால் மட்டும் ஆகுமா? எதுவரை மாற்றினால் ஒரு பொருள் அதுவாகவே இருக்கிறது?

வழியைக் காட்டியவர் பாய்தான். சுற்றைப் பொருத்துவதற்கு முன் அவர் இன்னொன்றையும் சோதித்திருந்தார். அந்தக் காலப் பொறி என்பதால், படிகக் குப்பி சுற்றின்மேல் தனியாகப் பற்றவைக்கப்பட்டிருந்தது. அதை எடுத்து, தன்னிடமிருந்த வேறொரு பழைய சுற்றில் வைத்துப் பார்த்திருக்கிறார்.

"கல்லு நல்லா இருக்கு சார். எண்ணுறதுதான் போச்சு. உங்க போர்டுல அந்தம்மா கல்ல வச்சு ஈயம் பத்தவச்சுடுவேன்" என்றார்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். 1979இலிருந்து அந்த மனிதரின் மணிக்கட்டில், அவருடைய வெப்பத்தில் அதிர்ந்த கல் அப்படியே இருக்கும். துடிப்பது அவருடையது. எண்ணுவது மட்டும் எங்களுடையது.

பாய் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். ஒரு கடிகாரத்தின் கல்லும் மற்றொன்றின் சுற்றும் உடனே ஒத்துப்போவதில்லை. டிரிம்மர் திருகு அதற்காகத்தான் இருக்கிறது. முதல் வாரம் நான்கு நொடி முந்தியது. புது தில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் இணையத்தில் காட்டும் இந்திய நேரத்தோடு ஒப்பிட்டு, நாங்கள் முறைவைத்துக் கையில் கட்டிக் குறித்துக்கொடுக்க, அவர் திருகைத் தொட்டுத் தொட்டுத் திருத்தினார். மூன்றாம் வாரம் பிசகு அரை நொடிக்குள் அடங்கியது. ஒரு காலத்தில் ரயிலுக்குக் கொடி காட்டிய கடிகாரத்துக்கு அதற்கும் குறைவான மரியாதை செய்ய எங்களுக்கு மனமில்லை.

நடந்ததை அந்த அம்மாவிடம் ஒளிக்காமல் சொன்னோம்: எது மாறியது, எது மாறவில்லை, எவ்வளவு நாள் ஓடும் என்று சொல்ல முடியாது என்பது வரை. அவர் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். குவார்ட்ஸின் ஒலி மிக மெல்லியது. அந்த வயதில் கேட்டிருக்குமா என்று தெரியவில்லை. "ரொம்ப நாள் வரும்னு வேணாம் தம்பி, என் காலத்துக்கு வந்தாப் போதும்" என்றார். செல் தீரும் நாள் நெருங்கினால் நொடி முள் இரண்டிரண்டு நொடியாகத் தாவும், அப்போது உடனே பாயிடம் வர வேண்டும், நின்றபின் வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினோம். மூன்றாம் முறை சொல்லத் தொடங்கியபோது, தன் கணவரும் இப்படித்தான் ஒன்றையே சொல்லிக்கொண்டிருப்பார் என்று சிரித்தார்.

*

எண் 41 எங்கள் இழுப்பறையில் அதே இடத்தில் இருக்கிறது. கண்ணாடியில் கீறல் இல்லை. உத்தரவாதச் சீட்டும் பத்திரம். உள்ளே சுற்று இருந்த இடம் காலி. பதிவேட்டில் தமிழாசிரியர் நண்பரே தம் கையால் எழுதினார்: 'சுற்று தரப்பட்டது. பெரம்பூரில் ஓடுகிறது.' அறுபத்திரண்டு பதிவுகளில், ஒரு கடிகாரம் இப்போது எங்கே ஓடுகிறது என்று சொல்லும் பதிவு அது ஒன்றுதான். சேகரத்தின் மதிப்பு குறைந்ததா கூடியதா என்று கேட்டால், வங்கி நண்பர்கூடக் கணக்குச் சொல்வதில்லை.

மற்ற அறுபத்தொன்றும் ஒருநாள் இப்படியே நிற்கும். துல்லியத்துக்கென்றே பிறந்த இந்தக் கடிகாரங்களுக்கு, துல்லியமற்ற பழங்கடிகாரங்களின் ஆயுள் வாய்க்கவில்லை. அவற்றை அழியாமல் காக்க எங்களால் முடியாது. யார் யாருக்கு எதைக் கொடுத்து எவ்வளவு காலம் ஓட்டலாம் என்பதுதான் எங்கள் கையில் இருக்கிறது.

இதைப் படிப்பவர்களின் வீட்டிலும், எங்கோ ஓர் இழுப்பறையில், பழைய ரசீதுகளுக்கும் துருப்பிடித்த சாவிகளுக்கும் கீழே நின்றுபோன குவார்ட்ஸ் கடிகாரம் ஒன்று கிடக்கக்கூடும். அது யாருடையது என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஓட்டுவதும் ஓட்டாததும் உங்கள் விருப்பம். ஆனால் இன்றே ஒரு வேலை செய்யுங்கள். தெருமுனைக் கடிகாரக் கடைக்குக் கொண்டுபோய், பின்மூடியைத் திறந்து, பழைய செல்லை எடுத்துவிடச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை. அப்போது அந்தக் கல் இருக்கிற இடத்தையும் காட்டச் சொல்லிப் பாருங்கள். அரிசி மணி அளவில், வெள்ளி நிறத்தில், ஓரமாகப் படுத்திருக்கும்.